கண்மாயும் கைப்பலகையும்

புதுக்கோட்டை மாவட்டத்தின் பெரும்பகுதி வானத்தை நோக்கி வாழும் நிலமாகும். ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு அங்கில்லை. வெள்ளாறும் மழைக்காலத்தில் மட்டுமே பெருக்கெடுக்கும். ஆதலின், முன்னோர் சரிவு கண்ட இடங்களில் கரை எழுப்பி, ஆயிரக்கணக்கான கண்மாய்களையும் ஊருணிகளையும் அமைத்தனர். அவற்றை வெட்டியவர் யாவர் என்பது பல ஊர்களில் இன்று எவருக்கும் தெரியாது. வெட்டியவர் மறைந்தும் கண்மாய்கள் மறையவில்லை. தூர் வாரியும், கரை உயர்த்தியும், மடையைச் செப்பனிட்டும் ஊரார் அவற்றைக் காத்து வந்தமையே அதற்குக் காரணம். இத்தகைய கூட்டுழைப்புக்குக் குடிமராமத்து என்பது பெயர். கஜா புயலுக்கு அடுத்த ஆண்டாகிய 2019இல், கொத்தமங்கலம் போன்ற ஊர்களின் இளைஞர்கள் தாமே முன்வந்து நீர்நிலைகளைத் தூர் வாரினர்.

ஆலங்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றில் முதியவர் ஒருவர் வாழ்கிறார். கண்மாய் மடையைத் திறந்தும் அடைத்தும் வயல்களுக்கு நீர் பங்கிடும் பணியைப் பல்லாண்டு செய்தவர். படிப்பில் பெருவிருப்பம் உடையவர். ஆயினும், முதுமையால் பார்வை மங்கிவிட்டமையின், நூல்களின் சிறிய எழுத்து அவருக்குப் புலப்படுவதில்லை. அவருடைய பெயர்த்தி புதுக்கோட்டையில் கல்லூரியில் பயில்கிறாள்.

பள்ளிகள் மூடப்பட்டிருந்த 2020ஆம் ஆண்டில், அவளுடைய பாடங்களுக்காகத் தந்தையார் கைப்பலகைக் கணினி ஒன்றை வாங்கினார். டேப்லெட் என வழங்கும் கருவி அது. பழைய வகை என்பதால் பாதி விலைக்குக் கிடைத்தது. சில ஆண்டுகளில் அதனைச் செய்த நிறுவனம் புதிய மென்பொருள் அனுப்புவதை நிறுத்திவிட்டது. கண்ணாடியில் கீறல் இல்லை. மின்கலமும் நன்றாகவே இருந்தது. ஆனால் செயலிகள் ஒவ்வொன்றாக அதில் இயங்க மறுத்தன. கருவி அலமாரியில் முடங்கியது. பழைய பொருள் வாங்குபவரிடம் அதனைக் கொடுத்துவிடலாம் என்றார் தந்தையார்.

பெயர்த்திக்கு அதில் உடன்பாடில்லை. காலஞ்சென்ற அப்பத்தாவின் நிழற்படங்கள் பல அக்கருவியில் இருந்தன. மேலும், நல்ல உடம்போடு இருக்கும் கருவி எவ்வாறு இறந்ததாகும் என்ற ஐயமும் அவளுக்கு எழுந்தது. அதற்கு விடை தேடியபோது, அமெரிக்க நாட்டில் விற்பனைக்கு வந்த ஒரு கைப்பலகையின் வரலாறு அவளுக்குத் தெரியவந்தது.

ஹெச்பி நிறுவனம் 2011 ஜூலை முதல் நாள் 'டச்பேட்' என்னும் கைப்பலகையை வெளியிட்டது. அது வெப்ஓஎஸ் என்னும் இயங்குதளத்தில் இயங்கியது. வாணிகம் எதிர்பார்த்தவாறு நடைபெறாமையால், ஆகஸ்டு 18ஆம் நாளன்றே அதனைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. 499 டாலருக்கு வந்த கருவி 99 டாலருக்கு விற்கப்பட்டது. மக்கள் திரண்டு வாங்கினர். ஈன்றவரே கைவிட்ட அக்கருவியைத் தொண்டர் சிலர் தத்தெடுத்தனர். ஆண்ட்ராய்டு இயங்குதளத்தின் மூலநிரல் எவரும் எடுத்துத் திருத்தத்தக்கவாறு வெளியிடப்பட்டிருந்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு, சயனோஜென்மாட் என்னும் குழுவினர் அதே ஆண்டு அக்டோபரிலேயே டச்பேடுக்கு ஏற்ற முதல் வடிவத்தை வெளியிட்டனர். தொடக்கத்தில் குறைகள் பல இருந்தன. படக்கருவி நெடுங்காலம் இயங்கவில்லை. ஆயினும் அன்பர்கள் ஓயவில்லை. இரண்டாம் தலைமுறை ஆண்ட்ராய்டில் தொடங்கிய அப்பணி, ஆண்டுகள் பல கடந்து ஒன்பதாம் தலைமுறை வரை சென்றது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் சயனோஜென்மாட் முடிவுற்றபோதும், லீனியேஜ்ஓஎஸ் என்னும் பெயரில் பிறர் அவ்வழியைத் தொடர்ந்தனர்.

இவ்வரலாற்றைப் படித்த பெண்ணுக்குத் துணிவு பிறந்தது. தன் கருவிக்கும் அத்தகைய வடிவம் ஒன்று இருப்பதை அறிந்தாள். இப்பணியில் கருவியின் பூட்டைத் திறக்கும்போதே அதிலுள்ளவை யாவும் அழிந்துவிடும். எனவே, அப்பத்தாவின் படங்களைத் தோழியின் கணினியில் ஒரு படியும், சிறு நினைவகம் ஒன்றில் மற்றொரு படியும் எடுத்து, ஒவ்வொன்றையும் திறந்து சரிபார்த்தாள். மின்கலத்தை நிரப்பினாள். பின்னர்ப் பூட்டைத் திறந்து, மீட்பு நிரலை ஏற்றி, அதன் வாயிலாகப் புதிய இயங்குதளத்தை நிறுவினாள்.

கருவி உயிர்பெறவில்லை. தொடக்கக் குறியைக் காட்டியவாறே நெடுநேரம் நின்றுவிட்டது. அவளுடைய கைகள் நடுங்கின.

"கெடுத்துவிட்டேன், ஐயா" என்றாள்.

முதியவர் அருகில் வந்து அமர்ந்தார். "கரை உடைந்தால் அழுதுகொண்டு நிற்பார்களா, ஆத்தா? எந்த இடத்தில் உடைந்தது என்று முதலில் பார்ப்பார்கள். நீயும் பார்" என்றார்.

அவள் அமைதியுற்று, தான் எடுத்த கோப்பின் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கினாள். அது அதே பெயருடைய வேறொரு வகைக்கு உரியது என்பது விளங்கிற்று. மீட்பு நிரல் பழுதின்றி இருந்தமையால், உரிய கோப்பை மீண்டும் ஏற்ற முடிந்தது. சிறிது நேரத்தில் திரை ஒளிர்ந்தது. முதலில் அவள் அதில் சேர்த்தவை அப்பத்தாவின் படங்களே.

புதுப்பித்த கருவி புதிய கருவி ஆகிவிடவில்லை. அதன் படக்கருவி முன்போல் தெளிவாக இயங்கவில்லை. உட்பொறிகளுக்கு உரிய நிரல்களை நிறுவனம் புதுப்பியாமையால், காவலிலும் சிறிது குறை உண்டு. ஆதலின், வங்கிக் கணக்கு எதனையும் அவள் அதில் வைக்கவில்லை. அதனை ஐயாவின் நூலகமாக ஆக்கினாள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலிருந்து நூல்களை இறக்கி, எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டினாள். முதியவர் பல ஆண்டுகளுக்குப் பின் ஒரு பக்கத்தைப் பிறர் உதவியின்றித் தாமே படித்தார்.

படித்து முடித்தவர், "இதைச் செய்தவர்கள் விட்டுவிட்டார்கள் என்றாயே, பின் யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று வினவினார்.

"எங்கெங்கோ இருக்கும் சிலர், ஐயா. ஊதியம் பெறாமலே செய்கிறார்கள்."

"அப்படியானால் இதுவும் குடிமராமத்துதான்" என்றார் அவர்.

அம்முதியவரின் சொல்லில் ஓர் உண்மை பொதிந்துள்ளது. ஆக்கியவர் கைவிட்டதனால் மட்டும் ஒரு பொருள் அழிந்துபடுவதில்லை. பேணுவார் இல்லாதபோதே அழிகிறது. பேணுவதற்கு அன்பு மட்டும் போதாது. அப்பொருளின் இயல்பை அறியும் வாய்ப்பும் வேண்டும். மடை இருக்குமிடம் ஊரார்க்குத் தெரிந்திருந்தமையாற் கண்மாய் பிழைத்தது. மூலநிரல் யாவர்க்கும் திறந்திருந்தமையாற் கைப்பலகை பிழைத்தது. அறிவைப் பூட்டிவைக்காது பகிர்ந்தளிக்கும் இடத்தில், பழமையும் பயன் தருவதாகும்.