ஆவூரில் ஜப்பான் பேச்சு

மே 8, புதன்
லீவு முடியும்வரை சாயங்காலத்தில் ஏதாவது பேசுங்கள் சார் என்று பையன்கள் கேட்டார்கள். ஜப்பானை எடுத்தேன். எங்கள் கோயிலிலிருந்தே அதற்கு வழி இருக்கிறது. முத்துக்குளித்துறையில் ஞானஸ்நானம் கொடுத்த சவேரியார்தான் 1549 ஆகஸ்ட் 15 அன்று ககோஷிமாவில் இறங்கினார். பின்னால் போன வாலிஞானோ, அந்த ஊர் வழக்கப்படியே நடக்கும்படி சேசு சபையாருக்குச் சொன்னார். மதுரையில் நொபிலி காவி கட்டியதும் அதே போக்குதான். அந்த மதுரை மிஷன் வளர்த்தது ஆவூர். 1614-இல் ஜப்பானில் கிறிஸ்தவத்துக்குத் தடை வந்த பிறகு ஒளிந்து ஜெபித்தவர்களின் வாரிசுகள் 1865-இல் நாகசாகியில் வெளியே வந்த கதையைச் சொன்னேன். "சாமியார் இல்லாம எப்படி சார்?" என்றான் ஒருவன். ஊர்ப் பெரியவர்களே ஞானஸ்நானம் கொடுத்தார்கள் என்றதும் பின்வரிசைப் பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

மே 10, வெள்ளி
இன்று பாரதி காலத்து ஜப்பான். 1905-இல் ருஷ்யாவை ஜப்பான் வென்றபோது அடிமை நாடுகள் எல்லாம் தலைநிமிர்ந்தன. 1916-இல் ஹைக்கூவைச் சுதேசமித்திரனில் தமிழருக்கு அறிமுகப்படுத்தியவர் பாரதி. அதே ஜப்பான் 1910-இல் கொரியாவை விழுங்கியதையும் சேர்த்தே சொன்னேன். கைதட்டல் குறைந்துவிட்டது. குறையட்டும்.

மே 12, ஞாயிறு
ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமாவைப் பற்றிய பேச்சுக்கு நல்ல கூட்டம். திருச்சிப் பக்கத்து அல்லூர், ஈசானமங்கலம் கல்வெட்டுகளை வைத்து, ஓர் ஊரில் நிலம் கூட்டாகவும் மற்றதில் தனியார் கையிலும் இருந்ததைக் காட்டியவர். பஸ்ஸில் போய்வரும் ஊரை டோக்கியோக்காரர் வந்து படித்தாரா என்று ஒரு பெரியவருக்கு ரோஷம். 2013-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள் என்றதும் ரோஷம் பெருமையாகிவிட்டது.

மே 14, செவ்வாய்
சயாம் ரயில். 1942-43-இல் ஜப்பான் ராணுவம் பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்கள் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். கைதிகளான வெள்ளைச் சிப்பாய்களுக்குக் கல்லறையும் பெயர்ப்பலகையும் உண்டு. கூலிகளில் பெரும்பாலோருக்கு எதுவும் இல்லை. கூட்டம் கலைந்த பிறகு ஓர் அம்மா நின்றார். "எங்க பெரியப்பா மலாயாவுக்குப் போனவரு. கடுதாசி நின்னுபோச்சு. ஜப்பான்காரன் வந்தப்ப நின்னதுன்னு அப்பா சொல்லும், தம்பி." அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

ராத்திரி ஒரு நண்பர் போன் செய்தார். வேலைக்கு ஜப்பான் போக நினைக்கும் பையன்கள் வருகிறார்கள், இதையெல்லாம் எதற்குக் கிளறுகிறாய் என்றார். போகிறவனுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும் என்றேன்.

மே 17, வெள்ளி
கடைசிப் பேச்சு, உறவும் கடனும். போருக்குப் பின் ஜப்பானோடு மற்ற நாடுகள் செய்த சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. 1952 ஜூன் 9 அன்று தனியாகச் சமாதானம் செய்து, போர் இழப்பீடே வேண்டாம் என்றது. ஜப்பான் தன் முதல் யென் கடனை 1958-இல் இந்தியாவுக்குத்தான் கொடுத்தது. சென்னை மெட்ரோவிலும் ஒகேனக்கல் குடிநீரிலும் அவர்கள் கடன் இருக்கிறது. பையன்களுக்குத் திருப்தி.

அந்த அம்மா கை தூக்கினார். "எங்க பெரியப்பாவுக்கும் சேத்தா வேணாம்னாங்க?"

இந்தியக் குடிமக்களின் கோரிக்கைகளையும் கைவிடுவதாகவே அந்த 1952 உடன்படிக்கையில் இருக்கிறது. அப்படியே சொன்னேன். "யாரைக் கேட்டு?" என்றார். ஜப்பான் போகப் பேர் கொடுத்திருக்கும் பையன் ஒருவன், "அப்ப நாடே ஓஞ்சு கிடந்துச்சு ஆத்தா, தோத்தவனைக் கசக்கினா இன்னொரு சண்டைதான் வரும்" என்றான். "அது டில்லிக்காரங்க கணக்கு. செத்தது எங்க வீட்டு ஆளு" என்றார் அவர். இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்து ஒன்பது மணிவரை வாக்குவாதம். நான் நடுவில் புகவில்லை. இத்தனை நாள் நான் பேசியதற்கு இதுதான் பலன்.