குல்மார்க் கணக்கு

வர்ற பிப்ரவரியில குல்மார்க் போய் பனிச்சறுக்கு கத்துக்கலாம்னு நாலு பேர் திட்டம் போடுறோம். கோண்டோலாவோட இரண்டாம் கட்டம் (2005ல திறந்தது) 3,900 மீட்டருக்கு மேலே, அபர்வாட் வரைக்கும் கொண்டுபோய் விடும். "பெரிய மலை, சறுக்க ஆளே இருக்காது, அங்கதான் போகணும்"னு பசங்க ஒரே பிடிவாதம்.

ஏன் ஆளில்லைன்னும் யோசிக்கணுமே! மேலே சமன் செஞ்ச பாதை கிடையாது. பனிச்சரிவு அபாயம் வேற. 2024 பிப்ரவரியில அங்கே ஒரு ரஷ்யர் அதுல சிக்கி இறந்தார். இதுவரை ஸ்கீ பூட்ஸே மாட்டாத எங்களுக்கு அந்த மலை, காமர்ஸ் பாஷையில, பயன்படுத்த முடியாத சொத்து.

என் பட்ஜெட்: கீழே புல்வெளிச் சரிவு, ஐந்து நாள், நல்ல பயிற்சியாளர். கோண்டோலா காசும் அவருக்கே. ட்யூஷன் எடுத்து சேர்த்த பணம், முதல்ல ஒழுங்கா நிற்கக் கத்துக்கிறேன். அபர்வாட் எங்கேயும் போயிடாது.