ஒன்றே முக்கால் சென்டிமீட்டர்

கோடை விடுமுறை விட்டதும் பிள்ளையை எதில் சேர்க்கலாம் என்று யோசனை கேட்டு என்னிடம் வருவார்கள். நீட் பயிற்சி, அபாகஸ், நீச்சல், கீபோர்டு என்று பட்டியலும் அவர்கள் கையிலேயே இருக்கும். அறிவியல் முகாமுக்கு அனுப்புங்கள் என்றால் உடனே ஒரு கேள்வி வரும்: "சர்டிபிகேட் தருவாங்களா சார்? மார்க் உண்டா?" மார்க் கிடையாது என்பேன். அனுப்பச் சொல்வதற்கு முதல் காரணமே அதுதான்.

இயற்பியல் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பள்ளி ஆய்வகத்தில் ஊசலை ஆட்டத் தொடங்கும் முன்பே, புவிஈர்ப்பு முடுக்கம் 9.8 என்று பிள்ளைக்குத் தெரியும். கணக்கில் 9.3 வந்தாலும் ரெக்கார்டு நோட்டில் 9.8 ஏறிவிடும். மார்க் போடுகிறவரும் விடையைத்தானே பார்க்கிறார்? பதினைந்து வயதில் பழகிய இந்தத் திருத்தல், பிறகு சங்கத்துக் கணக்கிலும் அலுவலக அறிக்கையிலும் கை கூசாமல் நடக்கிறது.

மதுரைக்கு அருகே ஒரு பள்ளியில் மே முதல் வாரம் நடந்த முகாமில் பூமியின் சுற்றளவை அளக்க இறங்கினோம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் எரட்டோஸ்தனீஸ் காட்டிய வழிதான். சையீன் நகரில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும் நாளில், அலெக்சாந்திரியாவில் அது 7.2 டிகிரி சாய்ந்திருந்தது. வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு அது. இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தை ஐம்பதால் பெருக்கிவிட்டார். (அவர் கணக்கிட்ட ‘ஸ்டேடியம்’ என்ற நீள அளவு எத்தனை மீட்டர் என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. எனவே அவர் விடை எவ்வளவு சரி என்பதிலும் தகராறுதான்.) எங்களுக்கு மதுரை ஒரு முனை, சென்னை மறுமுனை. அங்கே ஒரு குழு கைப்பேசியில் தயாராக இருந்தது.

கொத்தனாரிடம் தூக்குக்குண்டும் ரசமட்டமும் இரவல் வாங்கி, ஒரு மீட்டர் கம்பைச் செங்குத்தாக நிறுத்தினார்கள். பதினொன்றே முக்காலிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு சாக்பீஸ் குறி. பன்னிரண்டு மணிக்கு உச்சி என்று நினைத்திருந்தவர்களுக்கு முதல் அதிர்ச்சி: நிழல் அதன்பிறகும் குறுகிக்கொண்டே போய், 12.14க்குத்தான் நின்றது. சென்னையில் அதற்கு ஒன்பது நிமிடம் முன்பே ஆகிவிட்டது. அந்த ஊர் கிழக்கே இருக்கிறது. இரண்டாவது அதிர்ச்சி, நிழல் தெற்கே விழுந்தது. ஏப்ரல் நடுவில் மதுரையைத் தலைக்கு மேலாகக் கடந்த சூரியன், 24ஆம் தேதி வாக்கில் சென்னையையும் தாண்டி வடக்கே போயிருந்தது. தினமும் அந்த வெயிலில் நடக்கிற பிள்ளைகள் அதைக் கவனித்ததே இல்லை.

மதுரை நிழல் 11 செ.மீ., சென்னையில் ஐந்தரை. கோண வித்தியாசம் 3.13 டிகிரி. பேருந்துத் தூரம் 460 கிலோமீட்டர் என்று போட்டுப் பெருக்கினால், 53 ஆயிரத்தை ஒட்டி வந்தது. புத்தகத்தில் 40 ஆயிரம்.

ஒரு பையன் கணக்கில் புலி. அரை நிமிடம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "நம்ம நிழலை ஒன்னே முக்கால் சென்டிமீட்டர் கூட்டிப் போட்டா 40 ஆயிரம் வந்துரும் சார்." கெட்ட எண்ணமே இல்லை அவனிடம். பள்ளியில் கற்றதைச் செய்கிறான். எனக்குப் பதில் சொல்ல வேலை வைக்காமல் ஒரு பெண் எழுந்தாள். "குறி தரையில அப்படியே இருக்கு, நீயே வந்து அளந்து பாரு" என்று ஸ்கேலை நீட்டினாள். இருவரும் போய் அளந்தார்கள். 11தான்.

நிழல் சரி என்றால் பிழை வேறெங்கோ இருக்க வேண்டும். அப்போதுதான் வரைபடத்தை விரித்தார்கள். சாலை வளைந்து வளைந்து போகிறது. தவிர, சென்னை மதுரைக்கு நேர் வடக்கிலும் இல்லை. நமக்கு வேண்டியது தென்வடலான தூரம் மட்டும்: சுமார் 350 கிலோமீட்டர். அதைப் போட்டதும் 40 ஆயிரத்துச் சொச்சம் வந்தது. அந்தப் பையன் நிழலைக் கூட்டியிருந்தால் வரைபடத்தை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள்.

இன்னொரு குழுவுக்கு, தூரத்தைத் திருத்திய பிறகும் 43,500 வந்தது. சூரியன் புள்ளியல்ல, அரை டிகிரி அகலம். அதனால் ஒரு மீட்டர் கம்பின் நிழல்நுனி கிட்டத்தட்ட 9 மில்லிமீட்டருக்கு மங்கலாகவே விழும். எங்கே குறி வைப்பது என்பதில்தான் சிக்கல். அவர்கள் 43,500 என்றே எழுதி, மங்கலையும் பக்கத்தில் குறித்தார்கள். கண்காட்சி நாளில் அந்த அட்டைக்கு முன் பெற்றோர் யாரும் அதிக நேரம் நிற்கவில்லை. சாணக் குழம்பில் இயங்கிய எரிவாயு அடுப்பு பக்கத்திலேயே இருந்தது, பாவம்.

ஆகஸ்ட் கடைசி வாரத்தில் சூரியன் மறுபடி மதுரைக்கு மேலே வரும். அன்று பள்ளி இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியடை மைதானத்துக்கு விடச் சொல்லித் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். பாடம் முடிந்திருந்தால் பார்க்கலாம் என்றிருக்கிறார்.