கல்லும் தயிர்சாதமும்

2019 சித்திரை மாசம், ராத்திரி ரெண்டு மணி. இடுப்புக்குப் பின்னால திருப்புளி வச்சு முறுக்குற மாதிரி ஒரு வலி. உட்காரவும் முடியலை, படுக்கவும் முடியலை. ஸ்கேன் எடுத்துட்டு "சிறுநீர்க் குழாயில் 6 மில்லிமீட்டர் கல்லு" என்றார்கள். கொண்டைக்கடலை அளவு கூட இல்லைங்க... அதுக்கே இந்த ஆட்டம்!

அம்மா சொன்ன முதல் வார்த்தை: "அப்பனுக்கு வந்தது புள்ளைக்கும் வந்துருச்சா! நாளையிலருந்து பால், தயிர் கிடையாது."

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். அப்பா விருதுநகர் பக்கம் பஸ் கண்டக்டர். நடுவழியில் ஒண்ணுக்கு இறங்க முடியாதுன்னு அந்த வெயிலிலும் தண்ணி குடிக்க மாட்டார். 1994ல் அவருக்குக் கல் வந்தப்போ, "இது கால்சியம் கல்லு, பால் தயிரை நிறுத்துங்க" என்று டாக்டர் சொன்னார். தயிர்சாதம் இல்லாமல் சாப்பாடு இறங்காத மனுஷன், அன்னையிலிருந்து ரசத்தோடு எழுந்துவிடுவார். 2016ல் பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு முறிஞ்சது. எலும்பு ரொம்பத் தேய்ஞ்சிருக்கு என்றார்கள்.

சரி, என் கதைக்கு வருவோம். பத்து நாளில் கல் தானாக விழுந்தது. லேபில் கால்சியம் ஆக்ஸலேட் என்றார்கள். சிறுநீரகக் கல்லில் பத்துக்கு எட்டு கால்சியம் வகைதானாம். அப்புறம் ஒரு முழு நாள் சிறுநீரை கேனில் பிடிச்சுக் கொடுக்கணும். (அந்தக் கேனோடு ஷேர் ஆட்டோவில் போன அனுபவத்தைத் தனியா எழுதணும்!) அதில் கால்சியம் எக்கச்சக்கம்.

"அப்போ பால் தயிரை விட்டுடறேன் டாக்டர்" என்றேன். அவர் சிரிச்சார். "விட்டாத்தான் வம்பு."

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்றேன். பாலக் கீரை, பாதாம், முந்திரி இதிலெல்லாம் ஆக்ஸலேட் உண்டு. கூடவே தயிர் சாப்பிட்டால், அதிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்ஸலேட்டைப் பிடிச்சுக்கிட்டு மலத்தோடு போயிடும். தயிரை விட்டால், பிடிக்க ஆளில்லாத ஆக்ஸலேட் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்கு வந்து, அங்கே கல்லாகும். 2002ல் இத்தாலியில் கல் வந்த 120 ஆண்களை ரெண்டு குழுவாகப் பிரிச்சு 5 வருஷம் பார்த்திருக்காங்க. கால்சியம் குறைச்ச 60 பேரில் 23 பேருக்குத் திரும்பக் கல். கால்சியத்தை வழக்கம்போல் வச்சு உப்பையும் இறைச்சியையும் குறைச்ச 60 பேரில் 12 பேருக்குத்தான்.

உப்பு எங்கே வந்ததுன்னா, சிறுநீரில் சோடியம் கூடினால் கால்சியத்தையும் இழுத்துக்கிட்டு வரும். ஊறுகாய், அப்பளம், கருவாடு... புரியுதா? நாம பாவம் தக்காளியைத் திட்டிக்கிட்டு இருந்தோம். அதில் ஆக்ஸலேட் கம்மிதான்.

பரம்பரை? அதுவும் உண்மை. குடும்பத்தில் கல் இருந்தால் ஆண்களுக்கு வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு. சிறுநீரில் கால்சியத்தைக் கோட்டை விடும் குணம் குடும்பத்தில் ஓடும். 2009ல் ஐஸ்லாந்து, நெதர்லாந்து ஆய்வில் பிடிபட்ட கிளாடின்-14 என்ற மரபணு கல்லோடு மட்டுமில்லை, எலும்பின் அடர்த்தியோடும் சம்பந்தப்பட்டது. இப்படிக் கால்சியத்தை விடுறவங்க சாப்பாட்டிலும் அதைக் குறைச்சால், உடம்பு எலும்பிலிருந்துதான் எடுக்கும்.

அங்கேதான் எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. அவர் எலும்பு தயிரை விட்டதால்தான் முறிஞ்சதுன்னு சொல்ல முடியாது, வயசும் இருக்கு. 1994 டாக்டரையும் குறை சொல்ல மாட்டேன். அன்னைக்கு எல்லாரும் சொன்னது அதுதான். கால்சியம் அதிகம் சாப்பிட்டவங்களுக்குக் கல் குறைவுன்னு அமெரிக்காவில் பெரிய ஆய்வு வந்ததே 1993ல்தான்.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "இருபத்தஞ்சு வருஷம்டா" என்றார். அவ்வளவுதான்.

ராத்திரி அம்மா ஒண்ணும் கேட்காமல் அவர் தட்டில் தயிர் ஊத்தினாங்க. அப்பா பிசைஞ்சுக்கிட்டே என்னைப் பார்த்து, "ஊறுகாய் வைக்கலாமா?"

"அதுதாம்ப்பா கூடாது!"

இப்போ என் பையன் ஸ்கூல் பையில் ரெண்டு தண்ணி பாட்டில்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லைங்க. கல்லில் பல வகை உண்டு, கால்சியம் மாத்திரை கதையும் வேற. உங்க டாக்டரைக் கேட்டுக்குங்க.