பூட்டில்லாத கணினி

எங்கள் வீட்டு மாடியறையில் ஒரு மர அலமாரி உண்டு. அதன் கீழ்த்தட்டில், பழைய கைலி ஒன்றில் சுற்றப்பட்டு, பல்லாண்டுகளாக ஒரு கணினி உறங்கிக் கொண்டிருந்தது. சென்ற நோன்புப் பெருநாளுக்கு மறுவாரம் அதை நான் வெளியே எடுக்க நேர்ந்தது. பழைய பொருளின் மீதுள்ள ஆசையால் அன்று; என் பேரனுக்கு வந்த சோதனையால்.

முதலில் அந்தக் கணினியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1987ஆம் ஆண்டு குவைத்தில் ஒரு வணிக நிறுவனத்தில் நான் கணக்கெழுதிக் கொண்டிருந்தேன். மாதந்தோறும் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அதை வாங்கினேன். அதன் பெயர் ‘ஸக்ர்’. அரபு மொழியில் பாறை என்று பொருள். 1983இல் ஜப்பானில் அறிவிக்கப்பட்ட எம்.எஸ்.எக்ஸ். என்னும் பொது அமைப்பைத் தழுவி, அரபு எழுத்துகளோடு குவைத்தின் அல் ஆலமிய்யா நிறுவனம் வெளியிட்ட கணினி அது. அதற்குத் தனித் திரை கிடையாது. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்துக்கொள்ள வேண்டும். எழுதிய நிரல்களை ஒலிநாடாவில் பதிந்து வைப்போம். நினைவகம் 64 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தைக்கூட அதனுள் அடக்க இயலாது. ஆயினும் கூட்டல், கழித்தல், வட்டமிடும் வரைபடம் என்று பலவற்றை அதில்தான் நான் இரவுகளில் விழித்திருந்து கற்றேன்.

இனிப் பேரனின் கதைக்கு வருகிறேன். என் மகளின் மகன் பொறியியல் கல்லூரியில் மூன்றாமாண்டு மாணவன். கணினிப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்க்க வேண்டும் என்பது அவனது கனவு. ஒருநாள் கல்லூரியின் இணையப் பக்கத்தில் தன் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக் கொண்டிருந்தவன், முகவரியின் கடைசியில் தன் பதிவெண் இருப்பதைக் கண்டான். அதில் ஓர் இலக்கத்தை மாற்றினான். அடுத்த மாணவனின் பட்டியல் வந்து நின்றது. அதோடு அவன் நிறுத்தியிருந்தால் நல்லது. நாற்பது பேரின் பட்டியல்களை இறக்கிக்கொண்டு நண்பர்களிடம் காட்டிவிட்டான். செய்தி முதல்வரின் காதுக்கு எட்டியது. காவல்துறைக்குப் போவதா, கல்லூரியை விட்டு நீக்குவதா என்ற பேச்சு எழுந்தது. என் மகள் அழுதுகொண்டே அவனை என்னிடம் அழைத்து வந்தாள்.

“நன்னா, பூட்டில்லாத கதவைத் தள்ளிப் பார்த்தது குற்றமா?” என்று கேட்டான் அவன்.

அவனுக்கு உடனே மறுமொழி சொல்லாமல், ‘ஸக்’ரை எடுத்து வரச் சொன்னேன். பல்லாண்டுகள் கிடந்த கருவியை நேராக மின்சாரத்தில் செருகுவது அறிவீனம். உள்ளே மின்தேக்கிகள் கெட்டிருந்தால் கருவியே பாழாகும். எங்கள் தெருவில் வானொலி பழுது பார்ப்பவர் ஒருவர் மின்வழங்கியைச் சோதித்துத் தந்தபின், பழைய தொலைக்காட்சியோடு இணைத்தோம். திரை ஒளிர்ந்தது. பேரன் வியப்போடு கேட்டான்: “இதற்குக் கடவுச்சொல்லே இல்லையா, நன்னா?”

“இல்லை. நினைவகத்தின் எந்த அறையையும் நீ திறந்து பார்க்கலாம், மாற்றி எழுதலாம். இது ஏனென்று கேட்காது. இதற்குள் இருப்பதெல்லாம் உனக்கு உரியது. கம்பி வழியாக வேறொருவர் வருவதுமில்லை. உன் கல்லூரிக் கணினி அப்படிப்பட்டதா? அதில் இருப்பது ஆயிரம் பிள்ளைகளின் அமானிதம். கதவைப் பூட்டாமல் விட்டது அவர்கள் தவறு. உள்ளே போய் எடுத்து வந்தது உன் தவறு. ஒன்று மற்றொன்றை மன்னிக்காது.”

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. நம் நாட்டின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி, உரிமையாளரின் அனுமதியின்றித் தீய நோக்கோடு கணினிக்குள் நுழைந்து தகவலை எடுப்பவருக்கு மூன்றாண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அன்றிரவு அவனுக்கு இருவரைப் பற்றிச் சொன்னேன். முதலாமவர் கிளிஃபோர்ட் ஸ்டோல். அவர் வானியல் அறிஞர். 1986இல் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் கணினிகளைக் கவனிக்கும் வேலையில் இருந்தார். கணினி நேரத்திற்கான கணக்கில் 75 செண்ட் உதைத்தது. முக்கால் டாலர்தானே என்று அவர் விட்டுவிடவில்லை. உள்ளே நுழைந்தவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் அச்சுப்பொறியில் பதிவு செய்தார், நாட்குறிப்பு எழுதினார், தொலைபேசித் தடத்தைப் பின்தொடர்ந்தார். அந்தத் தடம் மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரில் போய் முடிந்தது. அங்கிருந்த இளைஞர் கூட்டம் அமெரிக்கத் தகவல்களைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்றுக் கொண்டிருந்தது. கணக்குப்பிள்ளையாக வாழ்ந்த எனக்கு, அந்த 75 செண்டின் அருமை நன்றாகவே விளங்கும்.

இரண்டாமவர் மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்னும் ஆங்கிலேய இளைஞர். 2017 மே மாதம் ‘வன்னாகிரை’ என்னும் தீநிரல் பல நாடுகளில் பரவி, பிரிட்டனின் மருத்துவமனைகளையும் முடக்கியது. அந்த நிரலுக்குள் காணப்பட்ட ஓர் இணையப் பெயரை அவர் பதிவு செய்தார். அதன் பரவல் தடைப்பட்டது. உலகம் அவரைப் போற்றியது. அதே ஆகஸ்டில் அமெரிக்காவில் அவர் கைதானார். முன்பு, வங்கிக் கடவுச்சொற்களைத் திருடும் நிரலை எழுதியதில் அவருக்குப் பங்கிருந்தது. 2019இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பிற்காலத்து நற்பணியை எண்ணி, நீதிபதி மேலும் சிறைக்கு அனுப்பவில்லை. ஆனால் இரண்டாண்டுகள் தாய்நாடு திரும்ப முடியாமல் அவர் காத்திருந்தார்.

பேரன் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் இறக்கிய பட்டியல்களை அழித்தான்; குறை என்ன, அதை எவ்வாறு அடைப்பது, தான் செய்த பிழை யாது என்று இரண்டு பக்கம் எழுதினான். நானும் அவனோடு முதல்வரைச் சென்று பார்த்தேன். காவல்துறைக்குப் போகவில்லை. ஆனால் ஒரு மாதம் வகுப்புக்கு வரலாகாது என்றார்கள். வளாக வேலைத் தேர்வுக்குப் பரிந்துரையும் இல்லை என்றார்கள். அதை அவன் ஏற்றுக்கொண்டான். அந்த ஒரு மாதமும் மாடியறையில் ‘ஸக்’ரோடு கழிந்தது.

இந்தத் துறையை விரும்பும் பிள்ளைகள் நம் வீடுகளில் பெருகி வருகிறார்கள். பெற்றோர்களுக்கும் அவர்களுக்கும் சில சொல்ல விழைகிறேன். பூட்டை உடைப்பது மட்டுமே இந்தத் தொழில் என்று எண்ண வேண்டாம். தணிக்கை, இரவு பகலாகக் கண்காணித்தல், தாக்குதலுக்குப் பின் சீர்செய்தல், மறையீட்டுக் கணிதம், சட்டம் எனப் பல கிளைகள் உண்டு. கருவிகளுக்கு முன் அடிப்படையைக் கற்க வேண்டும்: வலைப்பின்னல், லினக்ஸ் இயங்குதளம், ஒரு நிரல்மொழி. தன் சொந்தக் கணினியில் பழகலாம். பிறர் கணினியைத் தொடுமுன் எழுத்தில் அனுமதி வேண்டும். தற்செயலாகக் குறை கண்டால் அங்கேயே நின்று, உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும். 2004 முதல் இயங்கும் ‘செர்ட்-இன்’ என்னும் நடுவண் அரசின் அமைப்பும் அத்தகைய முறையீட்டை ஏற்கிறது.

வீட்டுக்கு ஒரு சொல். ‘வன்னாகிரை’ புகுந்த ஓட்டைக்கு இரண்டு மாதம் முன்பே மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டிருந்தது. போடாதவர்களே பெரிதும் துன்புற்றனர். ஆகவே திருத்தங்களைத் தள்ளிப் போடாதீர்கள். திருத்தம் நின்றுபோன பழைய கணினியை இணையத்தில் இணைக்காதீர்கள். ஓ.டி.பி. எண்ணை எவருக்கும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் நாணிக் கிடக்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

இப்போது ‘ஸக்ர்’ அலமாரியில் இல்லை. பேரனின் மேசைமீது இருக்கிறது. அதில் அவன் எழுதிய முதல் நிரல் ஒரு கடவுச்சொல் கேட்கும் நிரல். மூன்றுமுறை தவறினால் கதவை அடைத்துவிடும். சொல்லை எனக்கும் சொல்ல மறுத்துவிட்டான். நானும் கேட்கவில்லை.