வாயும் காதும்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் உட்கார்ந்த மாதிரி பொறுமையாகப் படியுங்கள்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. 2013இல் பெரியவன் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. வீட்டு வைஃபையில் வேலை செய்யும். அதற்கென்று உள்ள செயலியைப் போனில் வைத்திருந்தால்தான் பாட வைக்க முடியும். சாருக்குக் கண் பார்வை குறைந்த பிறகு, சாயங்காலம் ஆறு மணிக்கு அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி என்றால் கையில் இருக்கும் காபி ஆறுவதுகூடத் தெரியாது.

போன மாசம் என் போன் பழுதாகிப் புதுசு வாங்கினோம். அந்தப் பழைய செயலி புதுப் போனில் ஏறவே இல்லை. ஸ்பீக்கரில் ஒரு குறையும் கிடையாது, விளக்கு எரிகிறது. ஆனால் அதனிடம் பேச வழியில்லை. "தூக்கிப் போடும்மா, புதுசு அனுப்புறேன்" என்றான் மகன். சார் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளும் ஆறு மணிக்கு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. போனிலேயே போட்டுக் காட்டினேன். "நாயனம் மாதிரி இல்லையே, பீப்பி மாதிரி இருக்கு" என்றார்.

"ப்ளூடூத் வெச்சுக்கலாம் பாட்டி" என்று பேரன் சொன்னதை நம்பி, ஆன்லைனில் ஒரு சின்னக் கருவி வாங்கினேன். இரண்டு நாள் மல்லுக்கட்டியும் சத்தம் வரவில்லை. கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள ஒரு மொபைல் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "டீச்சர்!" தாடியெல்லாம் நரைத்திருந்தது. ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "டீச்சர், நீங்க வாங்கினது வாய். உங்களுக்கு வேணும்கிறது காது."

அவன் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறேன். இந்தக் கருவியில் இரண்டு வகை உண்டு. டிரான்ஸ்மிட்டர் என்பது பாட்டை வெளியே அனுப்புவது. ப்ளூடூத் இல்லாத டிவியிலிருந்து ஹெட்போனுக்குச் சத்தம் அனுப்ப அது உதவும். ரிசீவர் என்பது போன் அனுப்பும் பாட்டை வாங்கிக்கொள்வது. பழைய ஸ்பீக்கருக்கு வேண்டியது ரிசீவர். ஸ்பீக்கரின் பின்னால் ஆக்ஸ் என்று போட்ட 3.5 மில்லிமீட்டர் வட்டத் துளை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் பிழைத்தது.

சாயங்காலம் அவனே ரிசீவரோடு வீட்டுக்கு வந்தான். தீப்பெட்டி அளவுதான் இருந்தது. அதிலிருந்து ஒரு ஒயரை ஸ்பீக்கர் துளையில் செருகினான். இன்னொரு ஒயரைப் போன் சார்ஜரில் மாட்டினான். பொத்தானை அழுத்திப் பிடித்ததும் விளக்கு சிமிட்டியது. என் போனில் ப்ளூடூத்தைத் திறந்து, அதில் தெரிந்த பெயரைத் தொடச் சொன்னான். அவ்வளவுதான். நாயனம் வந்தது. ஆனால் கூடவே 'ங்ங்' என்று ஒரு இரைச்சலும் வந்தது.

அவன் குனிந்து ஒயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குனிந்த பிடரியைப் பார்த்ததும் எனக்கு 1994 ஞாபகம் வந்துவிட்டது. பள்ளியில் பாட்டுப் பாடம் நடத்த ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. ஒருநாள் மதியம் இவன் அதைக் கழற்றிப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்லார் முன்னாலும் ஸ்கேலால் அடித்தேன். அப்பாவை அழைத்து வரச் சொன்னேன். அந்த வருடத்தோடு படிப்பை நிறுத்திவிட்டான். வீட்டுக் கஷ்டம் என்றார்கள். நானும் அப்படியே நம்பிக்கொண்டேன்.

"அந்த டேப் ரிக்கார்டர் ஞாபகம் இருக்காப்பா?" என்றேன்.

நிமிராமலே சொன்னான்: "இருக்கு டீச்சர். பெல்ட் தளர்ந்து போயிருந்துச்சு. அதான் நாடாவைத் தின்னுச்சு. புது பெல்ட் போட்டாச் சரியாயிருக்கும்."

'அன்றைக்கே சொல்லியிருக்கலாமே' என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவன் அன்றைக்கும் சொன்னான். "டீச்சர், பெல்ட்டு..." என்று இரண்டு தடவை ஆரம்பித்தான். நான் பேசிக்கொண்டே இருந்தேன்.

"நான்தான்ப்பா கேக்கலை. தப்பு என்னோடது" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சார்ஜரை மாத்திப் பார்ப்போம் டீச்சர்" என்றான். பையிலிருந்து வேறு சார்ஜர் எடுத்து மாட்டினான். இரைச்சல் நின்றது. தோடி மட்டும் கேட்டது. சார், "யாருப்பா அது? உக்காரு, காபி சாப்பிட்டுப் போ" என்றார். ரிசீவருக்கு அறுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டான். வேலைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான்.

இன்னும் இரண்டு குறிப்பு. போனை ஸ்பீக்கரிலிருந்து பத்து மீட்டருக்குள் வையுங்கள். நடுவில் சுவர் இருந்தால் பாட்டு விட்டுவிட்டு வரலாம். ஆன்லைனில் வாங்கும்போது ரிசீவர் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

முப்பத்தெட்டு வருடம் பாடம் நடத்தினேன். உங்களில் வேறு யாரையாவது காது கொடுத்துக் கேட்காமல் அடித்திருந்தால், இங்கே எழுத வேண்டாம். ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள். ஆறு மணிக்கு வந்தால் காபியும் தோடியும் உண்டு. நீங்கள் சொல்லுங்கள், நான் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்