அவர்களும் பெண்களே

இலங்கையிற் பெண்கள் வாக்குரிமை பெற்ற வரலாறு கால அளவாற் சிறியது. 1927 ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்திற் கொழும்பிலே பெண்கள் வாக்குரிமைச் சங்கம் தோற்றுவிக்கப்பட்டது. 1931 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் 21 வயது நிரம்பிய பெண்கள் ஆடவரோடு சமமாக வாக்களித்தனர். இடைப்பட்ட காலம் மூன்றரை ஆண்டு மாத்திரமே. இங்கிலாந்துப் பெண்களோ சிறை சென்றும் உண்ணாநோன்பிருந்தும் நெடுங்காலம் போராடியே 1918 இல் ஒரு பகுதியையும், 1928 இல் முழுமையையும் பெற்றனர். பிரான்சு நாட்டுப் பெண்களுக்கு அவ்வுரிமை 1944 வரை கிட்டவில்லை. ஆகவே, நம்மவர்க்கு அது தட்டில் வைத்துத் தரப்பட்டதென்றும், எளிதிற் பெற்ற பொருளின் அருமை பெற்றவர்க்குத் தெரியாதென்றும் கூறுவாருளர்.

இக்கூற்றை முற்றாக ஏற்க என் மனம் ஒப்பவில்லை. உரிமையைப் பெறுதல் ஒன்று. அதனை யார் யாருக்கெனக் கேட்டோம் என்பது பிறிதொன்று. பெற்றதனைக் கைநழுவாது காத்தல் வேறொன்று. முதலாவது எளிதாக அமைந்திருக்கலாம். ஏனைய இரண்டும் இன்றும் எளிதாகவில்லை என்பதே என் கருத்து.

டொனமூர் பிரபு தலைமையிலான ஆணைக்குழு இலங்கைக்கு வந்து சாட்சியம் கேட்டுக்கொண்டிருந்த வேளையிலேயே அச்சங்கம் தோன்றியது. அக்காலத்தில் வாக்குரிமை எழுத்தறிவும், அதனோடு வருமானமோ சொத்தோ உடைய ஆடவர்க்கு உரியதாயிருந்தது. நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ நால்வரே வாக்காளர். சங்கத்தின் தலைவியாக டயஸ் பண்டாரநாயக்கா சீமாட்டியும், செயலாளராகக் கண்டி வழக்கறிஞர் ஜோர்ஜ் ஈ. டி சில்வாவின் துணைவியார் அக்னஸ் டி சில்வாவும் விளங்கினர். கனடாவிற் பிறந்து, யாழ்ப்பாணத் தமிழரான எஸ். சி. கே. இரத்தினத்தை மணந்து, இந்நாட்டையே தம் நாடாக்கிக்கொண்ட மருத்துவர் மேரி இரத்தினமும் முன்னின்று உழைத்தார். யாழ்ப்பாணத்தில் 1923 முதல் ‘தமிழ்மகள்’ என்னும் இதழை நடத்திவந்த மங்களம்மாள் மாசிலாமணி, பெண்ணுரிமைக் கருத்தைத் தமிழிலே பரப்பிவந்தார்.

சங்கத்தவரிற் பெரும்பாலோர் செல்வக் குடியிற் பிறந்தவர், ஆங்கிலம் பயின்றவர். தம்மைப் போன்றோர்க்கு மாத்திரம் வாக்குரிமை கேட்டிருப்பின், வியப்படைய ஒன்றுமில்லை. சொத்தும் படிப்பும் உடைய ஆடவர் பெற்றிருந்ததைச் சொத்தும் படிப்பும் உடைய பெண்டிர்க்கும் கேட்டனர் என்று வரலாறு ஒரு வரியில் முடிந்திருக்கும். அவ்வாறு முடியவில்லை. தோட்டங்களிற் கூலிக்கு உழைக்கும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டுமோ என ஆணைக்குழுவினர் வினவினர். அவர்களும் பெண்களே, எல்லாப் பெண்களுக்கும் வேண்டும் என்னும் கருத்துப்பட அக்னஸ் டி சில்வா விடையிறுத்தார். அம்மேசையின் ஒரு பக்கத்திலும் இல்லாத, அங்கு நடப்பதை அறியவும் வாய்ப்பற்ற பெண்களுக்காகச் சொல்லப்பட்ட விடை அது. அச்சங்கத்தின் வரலாற்றில் நான் பெரிதும் மதிப்பது இவ்விடையையே.

எதிர்ப்பும் இல்லாமலில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் சர்வசன வாக்குரிமையையும் பெண் வாக்குரிமையையும் கடுமையாக எதிர்த்தார். இந்து வாழ்க்கை நெறிக்கு அவை ஒவ்வாதன என்று கருதினார். 1913 இல் மருதனார்மடத்திலே தமிழ்ப் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவியவரும் அவரே. அவர் 1921 இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி வளவிலேதான் இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிலைபெற்றுள்ளது. அங்கே நாள்தோறும் நுழையும் மாணவியர் எத்தனையோ பேர். பெண்ணுக்கு ஏட்டைக் கொடுக்கத் துணிந்த கை வாக்குச் சீட்டைக் கொடுக்கத் தயங்கியது. இதனை ஒரு பெரியாரின் குறையாக மட்டும் காண்டல் பொருந்தாது. கல்வி வேறு, அதிகாரம் வேறு என்னும் பாகுபாடு நம் சமூகத்தில் எத்துணை ஆழமாக வேரோடியிருந்தது என்பதற்கு அது சான்றாகும். அவ்வேர் இன்னும் முற்றாகப் பட்டுப்போகவில்லை.

1928 இல் வெளிவந்த ஆணைக்குழு அறிக்கை பெண்களுக்கு 30 வயதை எல்லையாக விதந்துரைத்தது. பின்னர் அது 21 ஆகக் குறைக்கப்பட்டது. 1931 ஆம் ஆண்டுத் தேர்தலையடுத்து, அவ்வாண்டிலேயே இடைத்தேர்தல் மூலம் அடலின் மொலமுறேயும், 1932 இற் கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்துவும் அரசாங்க சபைக்குச் சென்றனர். ஆனால் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பெண்கள் 1931 இல் வாக்களிக்கவில்லை. முழுச் சுயாட்சி வழங்காத யாப்பினை ஏற்கலாகாதென வாலிபர் காங்கிரஸ் விடுத்த அழைப்பினால் அங்கு நான்கு தொகுதிகளிலும் வேட்புமனு எதுவும் தாக்கலாகவில்லை. 1934 இலேயே அத்தொகுதிகளில் தேர்தல் நடைபெற்றது. பகிஷ்கரிப்பின் நியாயங்களை வரலாற்று மாணவர் பலவாறு ஆராய்ந்துள்ளனர். முதன்முறையாக உரிமை பெற்ற பெண்களின் கருத்து யாது என்று எவரேனும் அன்று கேட்டனரோ என்ற வினா மாத்திரம் என்னுள் எழுவதுண்டு.

தோட்டப் பெண்களுக்காகச் சொல்லப்பட்ட அவ்விடையின் ஆயுளும் நீண்டதன்று. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், அதனைத் தொடர்ந்து 1949 இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1947 இல் வாக்குச் சீட்டை ஏந்திய பெண், அடுத்த தேர்தல் நடந்த 1952 இற் கொழுந்துக் கூடையை மாத்திரம் ஏந்தி நின்றாள். உரிமை இழக்காத நம்மவருட் பலர் வாளாவிருந்தனர். உடன்படிக்கைகளும் சட்டங்களும் பல கடந்து, 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடேயே நாடற்றோர் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. தந்த உரிமையைத் திரும்பப் பறிக்கவும் இயலும் என்பதை நம் நாட்டுப் பெண்களுள் முதலில் அறிந்தவர் அவர்களே.

எனினும், வாக்குரிமை பறிபோவதற்குச் சட்டம் ஒன்றே வழியன்று. இடாப்பிற் பெயர் பதியப்படாமலும் அது பறிபோகும். அதற்குப் பாராளுமன்ற விவாதம் எதுவும் வேண்டியதில்லை. இதனை நான் நூலிற் கற்கவில்லை. கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊரின் மாதர் சங்கத்திற் கற்றேன்.

அச்சங்கம் பெரிய அமைப்பன்று. முன்பள்ளி மண்டபத்தில் மாதம் ஒருமுறை கூடும். சிறுசேமிப்பு, தையல், பனையோலைக் கைப்பணி என்பனவே அதன் வழமையான அலுவல்கள். 2017 ஆம் ஆண்டில் வாக்காளர் இடாப்பு மீளாய்வு செய்யப்பட்ட காலத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியையான செயலாளர் ஓர் அப்பியாசக் கொப்பியைக் கையிலெடுத்தார். வீடு வீடாகச் சென்று, 18 வயது நிரம்பிய பெண்களின் பெயர் இடாப்பில் உளதோ எனப் பார்த்து எழுதுவதென்று முடிவாயிற்று. விடுமுறையில் நின்ற நானும் உடன் சென்றேன்.

பெயர்கள் எவ்வாறு காணாமற் போகின்றன என்பது அப்போதுதான் விளங்கியது. வேற்றூரிலிருந்து மணமுடித்து வந்த மருமகளின் பெயர் பிறந்த வீட்டில் வெட்டப்பட்டிருந்தது. புகுந்த வீட்டிற் சேர்க்கப்படவில்லை. 2009 இற் கணவர் காணாமலாக்கப்பட்ட பெண்ணொருத்தி, வீட்டுத் தலைவர் என்னும் இடத்தில் யாருடைய பெயரை எழுதுவதெனத் தெரியாது படிவத்தை அப்படியே வைத்திருந்தாள். இடப்பெயர்விலே அடையாள அட்டையையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் தொலைத்த மூதாட்டியர் சிலர், தமக்கு இனி அவை எதற்கென்று இருந்துவிட்டனர். ஒருவரும் இவர்களைத் திட்டமிட்டு விலக்கவில்லை. விலகியிருப்பதை ஒருவரும் கவனிக்கவில்லை என்பதே உண்மை.

ஊரின் எல்லையில், வாய்க்காலுக்கு அப்பால், மலையகத்திலிருந்து 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின் வந்து குடியேறியோரின் குடிசைகள் உள்ளன. காணி உத்தரவுப் பத்திரம் பலருக்கு இல்லை. கொப்பியோடு அங்கும் செல்ல வேண்டுமென்று செயலாளர் சொன்னபோது சங்கத்திலே சலசலப்பு ஏற்பட்டது. “அவையள் எங்கட சங்கத்து ஆக்கள் இல்லையே, ரீச்சர்” என்றார் ஒருவர். செயலாளர் குரலை உயர்த்தவில்லை. “சங்கத்தில இல்லாட்டில் என்ன, தங்கச்சி? பதினெட்டு வயது ஆனவையா இல்லையா, அதை மட்டும் பாப்பம்” என்றார். டொனமூர் ஆணைக்குழுவின் முன் நிகழ்ந்ததை அவர் படித்திருந்தாரோ அறியேன். ஆனால் தொண்ணூறு ஆண்டுகளின் பின், அதே வினாவுக்கு அதே விடையை முன்பள்ளி மண்டபத்தில் நான் கேட்டேன்.

வாய்க்காலுக்கு அப்பால் ஒரு முதிய பெண்மணி எங்களை இருத்தித் தேநீர் தந்தார். “எங்கம்மா ஒரே ஒரு வாட்டி ஓட்டுப் போட்டுச்சாம். அப்புறம் பேரு இல்லேன்னுட்டாங்களாம். சாகுற வரைக்கும் அதச் சொல்லிக்கிட்டே இருந்திச்சு” என்றார். அவரது பெயரும் அன்றுவரை இடாப்பில் இருக்கவில்லை. கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திடமும் செயலாளர் எத்தனை முறை நடந்தார் என்று நான் எண்ணவில்லை. பெயர் சேர்ந்தது.

2018 பெப்ரவரி 10 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடைபெறுமுன், சங்கம் மாதிரி வாக்குச் சீட்டொன்றைத் தயாரித்தது. கட்சிச் சின்னங்களுக்குப் பதிலாக மாம்பழம், பலாப்பழம், தோடம்பழம், கொய்யா ஆகியவற்றின் படங்கள். புள்ளடியை எங்கே இடுவது, எவ்வாறு மடிப்பது, எவ்வாறிட்டால் வாக்கு நிராகரிக்கப்படும் என்பன காட்டப்பட்டன. எந்தப் பழத்திற்கு இட்டாய் என ஒருவரையொருவர் கேட்கலாகாதென்பது விதி. அவ்விதியே அப்பயிற்சியின் உயிர்நாடி எனலாம். “எங்கட வீட்டு வாக்கெல்லாம் அவர் சொல்லுற ஆளுக்குத்தான்” என்று பெருமையாகச் சொல்லிவந்த ஒருவர், சீட்டை மடித்துப் பெட்டியில் இட்டபின் சிறிது நேரம் மௌனமாக நின்றார். மறைவிடத்தில் எழுதுகோலோடு தனியே நிற்கும் அக்கணம், பல பெண்களுக்கு வாழ்வில் எவரும் அருகிலின்றித் தாமே முடிவெடுக்கும் அரிய கணமாகும்.

அத்தேர்தலில் உள்ளூராட்சி மன்றங்களிற் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதற்குமுன் அம்மன்றங்களிற் பெண்கள் நூற்றுக்கு இருவர்தாமும் இருந்ததில்லை. மாதர் சங்கத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்காத கட்சியினர், பட்டியலை நிரப்பப் பெயர் தேடி வந்தனர். பட்டியலை நிரப்புவதற்கன்றிப் பேசுவதற்கெனப் பெண்களைத் தேடும் நாள் இன்னும் வரவேண்டியுள்ளது. வாக்காளரிற் பாதிக்கு மேற்பட்டோர் பெண்களாயிருக்க, 2024 நவம்பரில் தெரிவான பாராளுமன்றத்திலும் அவர்கள் பத்திலொரு பங்கினரே. ஆயினும் அத்தேர்தலிற் பதுளை, நுவரெலியா மாவட்டங்களிலிருந்து மலையகத் தமிழ்ப் பெண்கள் தெரிவாகிச் சென்றனர் என்பதை நினைக்குந்தோறும், அன்று ஆணைக்குழுவின் முன் சொல்லப்பட்ட விடை முற்றாக வீண்போகவில்லை என்று ஆறுதலடைகிறேன்.

வாக்கு மாத்திரம் வாழ்வை மாற்றிவிடுமோ என்று ஐயுறுவோர்க்கு ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. எங்கள் மாவட்டத்துக் குடியேற்றக் காணிகளை ஆண்ட 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், உரித்து வரிசையில் ஆண்மக்களை முன்னும் பெண்மக்களைப் பின்னும் வைத்தது. 1931 முதற் பெண்கள் வாக்காளராக இருந்தும், அவ்வரிசை 2022 இலேயே திருத்தப்பட்டது. வாக்கு ஒரு கருவி. தானே அறுவடை செய்யும் இயல்பு அதற்கில்லை. கேட்கும் வாயும் கணக்கெடுக்கும் கொப்பியும் அதனுடன் சேர்தல் வேண்டும்.

பல்கலைக்கழகத்திற் பயிலும் நம்மில் பெரும்பாலோரின் பெயர் ஊர் இடாப்பிலேயே உள்ளது. விடுமுறைக்குச் செல்லும்போது நம் வீட்டுப் பெண்களின் பெயர் அதில் உளதோ எனப் பார்ப்பது பெரிய தொண்டன்று. அரைமணி நேர அலுவல். அடுத்த வீட்டை விசாரிக்க மேலும் அரைமணி செல்லும். அதற்கு அப்பால் ஒழுங்கையோ, வாய்க்காலோ, வேறெந்த எல்லையோ குறுக்கிடக்கூடும். அங்கிருந்து திரும்பிவிடாது அதனைக் கடந்து சென்று கேட்டலே உண்மையான பணி. சமவுரிமை என்பது நம்மை ஒத்தவர்க்கு நாம் கேட்பதிலன்று, நம்மை ஒவ்வாதவர்க்கும் கேட்பதிலேயே தொடங்குகின்றது.